ஒப்பந்தத்தின் முதல் பத்தி

பால் பொங்கியது. அடுப்பை அணைத்தான்.

ஒரு டம்ளர் காப்பி. குடித்தான். கழுவிக் கவிழ்த்து வைத்தான். குளித்தான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து இஸ்திரி போட்டான். காலர், கை, முதுகு.

போன் அடித்தது. டயாலிசிஸுக்கு வந்து போகிற மேலூர்ப் பெரியவர்.

"மெசேஜ் வரலியே தம்பி. கிளம்பி வரட்டுமா, வேணாமா?"

"கேட்டுச் சொல்றேன்யா."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். மெஷின் மதியத்துக்கு மேல்தான் காலி. அவரிடம் சொன்னான். சரி தம்பி, அதுக்குள்ள கஞ்சி குடிச்சிடறேன் என்றார்.

முன்பெல்லாம் இதைச் செயலியே சொல்லிவிடும். யாருக்கு எந்த மெஷின், எப்போது காலி என்று முதல் நாள் மாலையே போனுக்கு வந்துவிடும். இருட்டோடு வந்து வராந்தாவில் துண்டை விரித்துக் கிடக்க வேண்டாம்.

அவன் மனைவி ஷெரின் எழுதியது.

அவளும் அந்த மெஷினில் படுத்தவள்தான்.

அவள் போன பிறகு செயலி ஒவ்வோர் ஊராக நின்றுகொண்டு வருகிறது. எழுதியதை எல்லாம் ஒருமுறை திறந்து பார்த்தான். அவன் கட்டடம் கட்டப் படித்தவன். மூடி வைத்துவிட்டான்.

சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பல்கலைக்கழகத்தில் கூட்டம். இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செயலியை எடுத்து நடத்தலாம் என்பது பேராசிரியர் மங்கையர்க்கரசியின் யோசனை. ஷெரினுக்குப் பாடம் எடுத்தவர். மாணவர்கள் எழுதுவார்கள். எழுதியது எல்லாருக்கும் திறந்து கிடக்கும். எந்த ஊர் ஆஸ்பத்திரியும் எடுத்துக்கொள்ளலாம். காசு கிடையாது.

பதிவாளருக்கு அதுதான் ஒட்டவில்லை.

"யார் வேணா எடுத்துக்கலாம்னா, அதுல நம்ம பேரு எதுக்குங்க?"

பேர் என்றதும் பேச்சு அங்கேயே சிக்கிக்கொண்டது. எந்தப் பல்கலைக்கழகத்தின் பேரை முதலில் போடுவது?

"கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரியில்ல இருக்கு," என்றார் அடுத்த பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த துறைத்தலைவர். "மாப்பிள்ளை வீட்டைக் கீழயே போட்டுக்குங்க. எங்களுக்குக் கோபமில்லை."

சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான்.

"அது கிடக்கட்டும். பசங்க செமஸ்டர் முடிஞ்சா போயிடுவானுங்க. பரீட்சை நேரத்துல இதை யாரு பார்ப்பா?" என்றார் பதிவாளர்.

துறைத்தலைவர் இரண்டு தேர்வு அட்டவணைகளையும் எடுத்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். இங்கே தேர்வு என்றால் அங்கே பார்த்துக்கொள்வார்கள். அங்கே தேர்வு என்றால் இங்கே. பொருந்தித்தான் வந்தது. மே மாதத்தில் ஒரு வாரம் மட்டும் இரண்டு இடத்திலும் தேர்வு.

"ஒரு வாரம்தானே. விட்டுடுவோம்," என்றார் பதிவாளர்.

"ஒரு வாரம் மெஷின் கிடைக்காம விட்டா ஆள் உயிரோட இருக்க மாட்டாங்க சார்."

அங்கே வந்து அவன் பேசியது அதுதான் முதல் பேச்சு.



பதிவாளர் கோப்பை மூடினார். "அடுத்த கூட்டத்துல பார்ப்போம்."

அந்த அறையில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்தது.

மங்கையர்க்கரசி எழுந்திருக்கவில்லை. "ஒப்பந்தத்தோட முதல் பத்தியை மட்டும் வாசிச்சுடறேன் சார்."

வாசித்தார். ஷெரின் எங்கே படித்தாள், என்ன நோய், எதற்காக இதை எழுதினாள். குரல் ஆடவில்லை.

கடைசி வரிக்கு வந்தார்.

"உயிர் பிரியும் தறுவாயிலும் அவர் தம் கணவரிடம் சொன்னது ஒன்றுதான். இதை மாணவர்கள் கையில் ஒப்படைத்துவிடுங்கள்."

அவனுக்கு அது புதிது.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"கடைசியா இதையா சொன்னாங்க, தம்பி?"

மங்கையர்க்கரசி அவனைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இல்லை. வேறு யாருமே இல்லை.

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் கோப்பு மூடியது மூடியதுதான்.

"ஆமா சார்."

பதிவாளர் தலையை ஆட்டினார். கோப்பைத் திறந்தார்.

"மே மாசத்துல அந்த வாரத்துக்கு நான் ஆள் போடறேன். பேரு எது முதல்ல வந்தா என்ன, போடுங்க. அந்த வரியை மட்டும் கையெழுத்துப் போடற விழா மேடையில பெரிசா எழுதி வச்சிடுங்கம்மா."

"சரிங்க சார்," என்றார் மங்கையர்க்கரசி. தன் முன்னால் இருந்த தண்ணீரை அவன் பக்கம் தள்ளி வைத்தார்.

அவன் குடிக்கவில்லை.

ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. அதனால் ஷெரின் சொல்லச் சொல்ல அவன்தான் லேப்டாப்பில் தட்டுவான். ஒன்றும் புரியாமல், எழுத்து எழுத்தாக.

அந்தக் கடைசி நாளிலும் அப்படித்தான். பாதியில் அவள் நிறுத்தினாள்.

"அடுத்த வரி?" என்று கேட்டான், திரையைப் பார்த்தபடியே.

"லேப்டாப்ப மூடுடா. கால் ரெண்டும் குளிருது. கொஞ்சம் பிடிச்சுக்கோ."