சுடும் குடுவை

ரோட்டுக்குத் தார் காய்ச்சுகிற என் அப்பாவின் அடுப்படி மண்ணிலிருந்து நான் பிரித்தெடுத்த பாக்டீரியா அது. கை பொறுக்காத சூட்டில்தான் வாழும். டீசலில் இருக்கும் கந்தகத்தைப் பிரித்துத் தின்னும். என்னிடம் இருந்தது அதில் ஒரே ஒரு குடுவைதான். நான் ஊருக்குப் போயிருந்தபோது, பக்கத்து மேசையில் தயிர் பாக்டீரியாவை ஆராயும் நிரஞ்சனா அதை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள்.

"கெட்டுப்போயிரும்னுதான்டி வெச்சேன்."

என் ஆராய்ச்சி கைடு சில்லிட்டிருந்த குடுவையைத் தொட்டுப் பார்த்தார். "செத்திருக்கும்மா. வேற தலைப்பு எடு. இல்லன்னா வீட்ல மாப்பிள்ளை பாக்கச் சொல்லு."

"எங்கப்பா செருப்பே உருகுற எடத்துல பொழைச்சது சார் இது. உங்க ஃப்ரிட்ஜுக்கெல்லாம் சாகாது."

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல."

ஒரு சொட்டெடுத்து, உப்பு நீர் நிரப்பிய புதுக் குடுவையில் விட்டு, மேலே டீசல் ஊற்றி, சூட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். அதன் கதவை மறித்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உயிர் இருந்தால் பெருகும். பெருகினால் தெளிந்த நீர் கலங்கும். வாரக் கடைசியில் டீசலுக்குக் கீழே புகை மாதிரி ஏதோ தெரிந்தது. கலங்கலா, இல்லை என் கண்தான் மங்குகிறதா? குடுவையை வெறுங்கையால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கைடு வந்து கையை நீட்டினார்.

"சுடும் சார்" என்றேன். கொடுக்கவில்லை.