பொட்டு வைத்த டயோடு

டயோடுக்குப் பொட்டு வைக்கிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மாதேவி வைத்தாள். தொண்ணூற்று மூன்றில், மைசூரில், டேப் ரெக்கார்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எலிமினேட்டர் பெட்டி செய்கிற ஃபேக்டரியில். ஆயுத பூஜை முடிந்தே பத்து நாளாகியிருந்தது.

ஒவ்வொரு டயோடின் அடிப்பக்கத்திலும் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்த பிறகுதான் போர்டில் பற்றவைத்தாள். கழற்றினாலொழிய யார் கண்ணுக்கும் தெரியாது. யாரிடமும் மூச்சு விடவில்லை, புருஷனிடம்கூட.

காரணம் இருந்தது. மூன்று வாரமாக, அவள் மாலையில் முடித்து வைத்த போர்டுகள் மறுநாள் டெஸ்டிங்கில் செத்துக் கிடந்தன. பார்த்தால் போர்டுக்கு ஒரு டயோடு அவுட். அவர்கள் வேலை பார்த்த ஹாலுக்கு வந்திருந்ததோ ஒரே ஒரு பர்மனென்ட் இடம். பட்டியலில் முதல் பெயர் மாதேவி, அடுத்தது பக்கத்து பெஞ்ச் மனிஷா, மூன்றாவது மாதேவியின் புருஷன் அய்யாவு. பழுதான போர்டில் டயோடு மாற்றுகிறவன். ஆறு வருஷமாக டெம்பரரி, ஓவர்டைம் பார்க்காத நாளே கிடையாது.

"யாருக்குக் கெடைச்சா என்ன புள்ள, சோறு ஒரே பானையிலதான வேகுது" என்பான். தங்கமான மனுஷன்.

மறுநாள் பதினோரு போர்டு அவுட். செத்த டயோடுகளை மாதேவியே கழற்றித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில்கூடப் பொட்டு இல்லை. நல்லதை எடுத்துவிட்டுச் செத்ததை வைத்திருக்கிறார்கள்!

பொட்டு விஷயத்தை மட்டும் விழுங்கிக்கொண்டு, நேராகப் போய் மனிஷாவின் பின்னலைப் பிடித்தாள்.

"தெனமும் என் டப்பாவுல கை போட்டுத் தின்னுட்டு, எனக்கே குழி பறிக்கறயாடி?"

"நானில்லக்கா!" என்று அலறிய மனிஷாவும் பதிலுக்குப் பிறாண்டினாள்.

சூப்பர்வைசர் இராமச்சந்திரன் ஓடி வந்தார். "ரெண்டு பேரும் பேடம்மா, பேட!" வேண்டாமென்றால் வேண்டாம்தான். பட்டியலில் இரண்டு பெயரையும் அங்கேயே அடித்துவிட்டார்.

சாயங்காலம் அய்யாவு மைசூர்பாகோடு வந்தான். இடம் அவனுக்கு.

ஒரே பானைதானே என்று மாதேவி மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவள் இப்படிச் செய்துவிட்டாளே என்று நெஞ்சு ஆறவில்லை, அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அய்யாவு ஒரு துண்டை எடுத்து அவள் வாயில் ஊட்டினான்.

"அழுவாத புள்ள. பொட்டு வெச்சுட்டா மட்டும் டயோடு நின்னுருமா?"