இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு

கங்கப்பன் தோற்ற அன்றைக்குக் கம்பெனி கேட்டில் பட்டாசு வெடித்தார்கள்.

இருபத்திரண்டு வருசம் அவர்தான் சங்கத் தலைவர். கம்பெனி பஸ்ஸில் முன்சீட்டு அவருக்கு. அவர் வராத நாளில்கூட அதில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவரை இறக்கிவிட்டது கௌதம். முப்பது வயசு, டூல் ரூமில் வேலை, வாய் மட்டும் நாலு ஆளுக்கு இருக்கும்.

பிரெஞ்சு ராஜா கதையைச் சொல்லிச் சொல்லித்தான் ஜெயித்தான். கஜானா காலி, வேறு வழியில்லாமல் ராஜா சபையைக் கூட்டினானாம். பாதிரிமாருக்கு ஒரு ஓட்டு, பிரபுக்களுக்கு ஒரு ஓட்டு, மிச்சமிருக்கிற அத்தனை சனத்துக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. சனம் ஒத்துக்கொள்ளவில்லை. தலைக்கு ஒரு ஓட்டு என்று உட்கார்ந்துவிட்டது. ரொட்டி கிடைக்காத பொம்பளைகள் மழையில் அரண்மனைக்கே நடந்து போய், ராஜாவைக் கையோடு ஊருக்குக் கூட்டி வந்தார்கள். சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்றவன் மாறுவேசத்தில் ஓடப் பார்த்தான், வழியிலேயே பிடித்துவிட்டார்கள். அப்புறம் ராஜாவே வேண்டாம் என்று முடிவாயிற்று. கடைசியில் தலையும் போயிற்று.

"நம்ம ராஜா பஸ்ஸுல முன்சீட்டுல இருக்காரு" என்று முடிப்பான். சனம் சிரிக்கும்.

பொம்பளைகள் நடந்த இடம் வந்தால் மாதேஸ்வரி பக்கத்தில் நிற்பவளை முழங்கையால் இடிப்பாள். பேரிகை ஊர்க்காரி, கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர், லாரிகளுக்கு நடுவில் நடக்க வேண்டும். போன ஆடியில் அவளோடு சேர்ந்து நடந்து வந்த சென்னம்மாளை லாரி இடித்து ஒரு கால் போயிற்று. நான் வந்தால் உங்களுக்கும் பஸ் என்று கௌதம் சொல்லியிருந்தான்.

இந்த வருசம்தான் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சங்கத்தில் ஓட்டு. அந்தச் சேதியைக் கேட்டில் வந்து சொன்னதும் கௌதம்தான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மாதேஸ்வரி ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசி, அத்தனையையும் அவனுக்கே போட வைத்தாள். தொண்ணூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான்.

பத்து நாள் கழித்து, பஸ் என்னாச்சு என்று கேட்கப் போனாள்.

கௌதம் நாற்காலி போட்டான், டீ வரவழைத்தான். சீட்டுப் பத்தாது என்று பர்மனென்ட் ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களாம். அப்புறம் இழுத்து இழுத்துச் சொன்னான். நேற்று கமிட்டியில் ஒரு தீர்மானம். இனிமேல் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஓட்டு இல்லை. கான்ட்ராக்டர் மிரட்டினால் மாற்றிப் போட்டுவிடுவார்கள் என்று எல்லோரும் பயப்படுகிறார்களாம்.

மாதேஸ்வரி டீயைத் தொடவில்லை.

"ஏந்தம்பி, ரொட்டிக்கு நடந்தாங்களே அந்தப் பொம்பளைங்க, அவங்களுக்கு ஓட்டு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கக்கா."

"எப்ப?"

கௌதம் மேசையைப் பார்த்தான். "அவங்க நடந்து நூத்தம்பது வருசத்துக்கு மேல கழிச்சு."

அவள் வெளியே வந்தபோது ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பிப் போனது. பாதி சீட்டு காலி.

கேட்டைத் தாண்டி கங்கப்பன் நடந்துகொண்டிருந்தார். தோற்றதிலிருந்து பஸ் ஏறுவதில்லை. ஏறினால் பின்னாலிருந்து கேலி பேசுகிறார்கள்.

மாதேஸ்வரி எட்டி நடந்து அவரைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருசம் எங்களை நடக்கவிட்டீர்களே, இப்போதாவது தெரிகிறதா என்று கேட்டாள். உங்களுக்கும் பஸ் வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் மூன்று தடவை கேட்டேன், நம்ம ஆளுங்களே கை தூக்கவில்லை என்றார் அவர்.

"பஸ்தான் இல்ல. கௌதம் வாங்கிக் குடுத்த ஓட்டும் போச்சு இப்ப."

கங்கப்பன் நின்றுவிட்டார்.

"அவனா வாங்கிக் குடுத்தான்? ஜெனரல் பாடியில அந்தத் தீர்மானத்தைக் கொண்டாந்ததே நான்மா. ஓட்டு இருந்தாத்தான் உங்களையும் ஒரு ஆளா மதிப்பானுங்கன்னு கொண்டாந்தேன். வேண்டாம்னு மொதல்ல எந்திரிச்சவன் அவன்தான்."

லாரி ஒன்று உரசிப் போனது. இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்கினார்கள்.

"நன்றிக்காவது எனக்குப் போடுவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"எங்களுக்கு யாருண்ணா சொன்னாங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்கற? கேன்டீன் சுவத்துல ரெண்டு மாசம் நோட்டீஸ் ஒட்டி வெச்சிருந்தேனே. சாப்பிட வர்றப்ப ஒருத்தர்கூடவா பாக்கல?"

மாதேஸ்வரி அவர் முகத்தையே பார்த்தாள். மனுசன் நிசமாகத்தான் கேட்கிறார்.

"அந்தக் கேன்டீனுக்குள்ள எங்கள எப்பண்ணா விட்டீங்க?"