பின்னால் பாடுகிறவர்

தன் குரலை அமுக்கக்கூடிய பாடகன் இன்னும் பிறக்கவில்லை என்று 1986இல், சூரிச்சில் வைத்து, ஜெகதீஸ்வரன் அறிவித்தான். சந்தையில் வாங்கிய, செத்துப்போன பாடகர் ஒருவரின் பழைய றொக் அன் றோல் கசெற்றில் மேற்பதிவைத் தடுக்கும் துளைகளை ஒட்டி அடைத்து, அதன் மேலேயே அக்காவுக்குக் கடிதம் பேசிப் பதிந்தான்.

“செத்த மனிசன்ரை பாட்டை அழிக்காதை,” என்றான் அறைத்தோழன் சிறீதரன். அந்தப் பாட்டுக்கு முழங்கால் ஆட்டுபவன் அவன்.

“உது பாட்டோ? வலிப்படா!”

யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் பதில் கசெற் வந்தது. “தம்பி, பின்னாலை பாடுறது ஆர்? நீ இருமேக்கை நிப்பாட்டிப் போட்டுப் பாடுறார்.”

ஜெகதீஸ்வரன் விடவில்லை. உறை பிரிக்காத புதுக் கசெற் வாங்கி, தொண்டை கிழியப் பேசி அனுப்பினான்.

அக்காவின் அடுத்த பதில்: “இந்தமுறை இன்னும் நல்லாப் பாடினார். நீதான் இடையிலை கத்திக் குழப்பிப்போட்டாய்.”

அடுத்த கசெற்றில் “சுகமாயிருக்கிறன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதி நாடாவை அமைதியான அறையில் பதிய ஓடவிட்டான். ஜெகதீஸ்வரனின் முழங்கால் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது.