ஆறடி அப்பா

“வாய் தவறிக்கூட வரப்போறவர் முன்னாடி என்னை அண்ணேன்னு கூப்பிட்டுடாதம்மா. குட்டு உடைஞ்சிடும்” என்றார் பக்கத்து வீட்டு லாரி டிரைவர். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார்.

“சரிண்ணே” என்றாள் அவள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பல வருடப் பழக்கம், ஒரே சாயங்காலத்தில் போய்விடுமா என்ன? அவள் கணவன் நோயில் கிடந்து இறந்தபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர் இந்த அண்ணன்தான். இன்றைக்கு ஒரு மணி நேரம் அவள் மகனுக்கு அப்பாவாக நடிக்க வந்திருக்கிறார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்பியதே அவர் மனைவிதான்.

எல்லாம் அவருடைய ஆறடி உயரத்துக்காக.

மகன் பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் பாயிண்ட் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு போய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆள். நெட்டைப் பையன்களின் கக்கத்துக்குள் புகுந்து போவதால் ‘சுண்டெலி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்டத்தில் புலி, உயரத்தில்தான் எலி.

நேற்று ஆட்டம் பார்க்க வந்த, கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பையன் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்தான்.

“அம்மா, பிரமாதமா ஆடறேன்னு சொன்னாரும்மா! அப்புறம், ‘உனக்கு அப்பா இருக்காரா?’ன்னு கேட்டார்.”

“நீ என்னடா சொன்னே?”

“இல்லேன்னு சொல்லலம்மா. அப்பா உயரத்தை வெச்சுத்தான் நாம இன்னும் எவ்வளவு வளருவோம்னு கணக்குப் போடுவாங்களாம். டீம்ல எல்லாரும் சொல்றாங்க. ‘அம்மாகிட்டப் பேசுங்க சார்’னு சொல்லிட்டு வந்துட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கே வராராம்.”

அவனைப் பெற்றவர் அவளைவிடக் குட்டை. கல்லூரியில் இலவசமாக இடம் கிடைக்காவிட்டால் பையனும் அவளோடு தையல் கம்பெனிக்கு வர வேண்டியதுதான். சூப்பர்வைசரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். அங்கே நுழைந்த எந்தப் பிள்ளையும் திரும்பிப் படிக்கப் போனதை அவள் பார்த்ததில்லை.

சுவரில் இருந்த கணவன் படத்தைக் கழற்றிப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். “மன்னிச்சிடுங்க, எனக்கு வேற வழி தெரியல” என்று சொல்லி அழுதாள்.

தேர்வாளர் சிரித்த முகமாகத்தான் வந்தார். பையைத் திறந்துகொண்டே நாற்காலியில் உட்காரப் போனவர், டிரைவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நீங்க...?”

“அப்பா சார். இவனோட அப்பா.”

“சொந்த அப்பாதானே?”

அவளுக்குப் பகீரென்றது. சந்தேகம் வந்துவிட்டதோ? “என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? என்னைக் கட்டினவர் சார்” என்றாள். உடம்பெல்லாம் கூசியது. டிரைவருக்குக் காது சிவந்துவிட்டது.

“நீங்களும் உட்காருங்கண்...” என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கினாள். நல்லவேளை, தேர்வாளர் கவனிக்கவில்லை.

டிரைவருக்கோ துணிச்சல் வந்துவிட்டது. மேடை கிடைத்தால் சும்மா இருப்பாரா மனிதர்?

“எங்க பரம்பரையே நெட்டை சார். நானே இவன் வயசுக்கு மேலதான் கிடுகிடுன்னு வளர்ந்தேன். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இவனுக்கு என்ன சார் குறை?”

தேர்வாளர் பையனிடம் திரும்பினார். “அப்பா உன் ஆட்டம் பார்க்க வருவாராப்பா?”

சுவரோரமாகக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தான் பையன். அப்பா என்று யாரையும் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. “வருவார் சார். அப்பா எப்பவும் வருவார்” என்றான். குரல் உடைந்துவிட்டது. நடிக்கச் சொல்லிக் கொடுத்ததைவிட அது நன்றாகவே இருந்தது.

தேர்வாளரின் முகம் வாடிப்போனது. திறந்த பையை மூடினார். டீயைப் பாதி குடித்துவிட்டு எழுந்தார்.

“சந்தோஷம்மா. பையனை விளையாட்டை விட மட்டும் விட்டுடாதீங்க. நான் வரேன்.”

அவ்வளவுதானா! அவள் பதறியடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, தெருவில் அவரை வழிமறித்தாள். மானம் வெட்கம் பார்க்கிற நேரமா இது?

“சார், உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். அவன் வளருவான் சார்! அவங்க அப்பாவைத்தான் கண்ணால பார்த்தீங்களே!”

“உயரத்தை யாரும்மா கேட்டா?” என்றார் அவர். “அவன் ஆடற ஆட்டத்துக்கு இந்த உயரமே போதும். இப்படி ஒருத்தனை விட்டுட்டுப் போறோமேன்னு எனக்கே மனசு ஆறல.”

“அப்புறம் ஏன் சார் விட்டுட்டுப் போறீங்க?”

“விளையாட்டுக்கு ஒதுக்கின இடமெல்லாம் போன மாசமே முடிஞ்சு போச்சும்மா. இலவசமாப் படிக்க இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அதை இவனுக்கு வாங்கிக் கொடுத்துடலாம்னுதான் ஆசையா ஓடி வந்தேன்.”

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். டிரைவர் பையனின் தோளை அணைத்தபடி நின்றிருந்தார்.

“அது அப்பா இல்லாத பையனுக்கும்மா.”