புளிய நிழலில் இரு செடிகள்

புளியமரத்தின் அடியில் எந்தச் செடியும் நிலைத்ததில்லை. ஆண்டுதோறும் அடைமழை அங்கிருந்த வெற்று மண்ணை அரித்துச் சென்றதால், அதன் வேர்கள் பாதிக்குமேல் வெளியே தெரிந்தன. இன்னொரு மழைக்குத் தாங்குவோமா என்று மரம் கலங்கிக் கிடந்தது.

அந்த வறண்ட நிழலில் தோட்டக்காரர் ஒரு ரோஜாவையும், வாள்போன்ற இலைகளையுடைய மருளையும் நட்டார்.

“அண்ணா, தங்கள் நிழலைப்போல் வேறெங்கே உண்டு!” என்று குழைந்தது ரோஜா. பூரித்துப்போன மரம் தன் பங்குத் தண்ணீரையும் அதற்கே விட்டுக்கொடுத்தது. மருளோ பேசவேயில்லை.

“உனக்கு வாயில்லையா?” என்று சீறியது மரம்.

“வேலை இருக்கிறது, ஐயா.”

நாளடைவில் ரோஜாவின் கொம்புகளெல்லாம் வெயில் விழும் பக்கமே சாய்ந்தன. அது மெலிந்து மொட்டுதிர்க்கக் கண்ட தோட்டக்காரர், அதைப் பெயர்த்து வேலியோரத்து வெயிலில் நட்டார். அங்கே அது பூத்துக் குலுங்கியது. மரம் அழைத்தபோது திரும்பியும் பார்க்கவில்லை.

வானம் கறுத்தது.

“நீயும் போய்விடுவாயா?” என்று தழுதழுத்தது மரம்.

“சற்று ஆடாமல் இரும், ஐயா,” என்றது மருள். “உம் வேர்களுக்கிடையே மண்ணை இறுகப் பற்றி இப்போதுதான் கால் ஊன்றிக்கொண்டிருக்கிறேன்.”

காற்று பலமாக எழுந்தது. புளியமரம் ஓர் இலையைக்கூட அசைக்காமல் நிற்க முயன்றது.