ஃபாதர் வரட்டும்

"வான் சில்லையும் ஒருக்கா உரஞ்சி விடுங்கோ, சிஸ்டர். ஃபாதர் பாக்கேக்குள்ள ஊத்தையாக் கிடந்தா மரியாதையில்லை."

தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் இதைச் சொல்லிவிட்டு றெனோல்ட் இடுப்பில் கைவைத்து நின்றான். சிஸ்டர் ஸ்பெசியோஸ் சிரித்தபடி சில்லடியில் குந்தினார். குந்தினாலும் நின்றாலும் பெரிய வித்தியாசம் தெரியாத உயரம்.

முந்திய வான் பிரேக் பிடிக்காமல் பனிக்குவியலுக்குள் போய்ச் செருகியது. அன்றிலிருந்து, ஃபாதர் மந்திரிக்காத வாகனத்தில் கால் வைக்கமாட்டேன் என்று அவன் பெண்சாதி ஜொய்சி ஒரே பிடி. இன்று பின்னேரம் டவுன்டவுனில் புதுக் கிளீனிங் வேலை தொடங்க வேண்டும். மொப்பும் மெஷினும் புது வானுக்குள் ஏறிவிட்டன, ஜொய்சிதான் ஏறவில்லை. அவர்களுடைய கத்தோலிக்கப் பங்கு ஃபாதரோ யாத்திரை போய்விட்டார்.

வேறு வழியில்லாமல்தான் வில்லரேயில் இந்த வீட்டு மணியை அடித்தான். புருண்டியிலிருந்து வந்த அங்கிலிக்கன் சிஸ்டர்மார் நாலு பேர் இருக்கும் வீடு. விடியச் செபம், அது முடிய அகதிகளுக்குச் சமையல். சூப் அண்டா கழுவிய ஈரக்கையோடு ஸ்பெசியோஸ் கதவைத் திறந்தார்.

"வானுக்கு ஆசீர்வாதமோ? செய்யலாமே! முதல்ல இதைக் கழுவுவம்" என்று வாளியோடு இறங்கிவிட்டார்.

ஜொய்சிக்கு இன்னும் சந்தேகம். "இஞ்சாருங்கோ, அங்கிலிக்கன் ஃபாதர் மந்திரிச்சாப் பிடிக்குமோ?"

"பிரேக்குக்கு வேதம் தெரியுமோடி? பேசாம நில்."

பின் ஒழுங்கையில் உடுப்புக் கொடியில் ஒரு வெள்ளை அங்கியும், பூசைக்கு ஃபாதர்மார் கழுத்தில் போடும் நீளமான பச்சைப் பட்டியும் காய்ந்துகொண்டிருந்தன. ஜொய்சி அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த ஃபாதர் சரியான கட்டை போல. அங்கி எனக்கே காணாது."

"கட்டையோ நெட்டையோ, கையை நீட்டி ஆசீர்வதிச்சாச் சரி."

நாலு சில்லும் பளபளத்தன. வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஃபாதரும் வந்தபாடில்லை. றெனோல்டுக்குப் பொறுமை போய்விட்டது.

"சிஸ்டர், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் இஞ்ச முறியிறியள், அவர் சாப்பிட்டிட்டுப் படுத்திட்டார் போல. போய்த் தட்டி எழுப்பிவிடுங்கோவன்!"

சிஸ்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நனைந்த ஏப்ரனைக் கழற்றினார். வாளியிலிருந்த ஊத்தைத் தண்ணீரை ஊற்றிவிட்டு நல்ல தண்ணீர் பிடித்து வந்து றெனோல்டின் கையில் கொடுத்தார்.

பிறகு கொடியடிக்குப் போய், எட்டி எட்டி அந்தப் பச்சைப் பட்டியை இழுத்தெடுத்தார். முத்தமிட்டுத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். வாளித் தண்ணீருக்கு மேலே கையை உயர்த்தினார்.

"ஃபாதர் படுக்கேல்லை, தம்பி. உங்கட சில்லுத்தான் உரஞ்சிக்கொண்டிருந்தவ."